பரணில் கிடக்கும் மேசைக் கணினியை வீட்டிலேயே மீட்டெடுப்பது எப்படி?

அக்கா வீட்டில் 2013ஆம் ஆண்டு வாங்கிய மேசைக் கணினி சென்ற ஆண்டு என் கைக்கு வந்தபோது, பொத்தானை அழுத்திவிட்டு உலாவி திறப்பதற்குள் ஒரு காபி போட்டுக் குடித்து முடித்துவிடலாம் என்ற நிலையில் இருந்தது. இன்டெல் கோர் ஐ3-3220 செயலி, எச்61 வகை மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் என, அந்தக் காலத்தில் கடைகளில் பாகங்களைக் கோத்துத் தந்த ‘அசெம்பிள்டு’ கணினிகளின் வழக்கமான அமைப்புதான் அது. பார்த்த மெக்கானிக் புதிதாக வாங்கிவிடச் சொல்லியிருந்தார். இரண்டு பாகங்களையும் இயங்குதளத்தையும் மாற்றிய பிறகு, அதே கணினியில்தான் இப்போது அக்கா மகள் பாடம் பார்க்கிறாள், அத்தான் மின்கட்டணம் கட்டுகிறார். அந்த வேலையைச் செய்த வரிசையிலேயே இங்கே விளக்குகிறேன். இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் எதை முதலில் மாற்றுவது என்ற வரிசை தவறுவதால்தான்.

எது மீட்கத் தகுந்தது

முதலில் செயலியின் எண்ணைப் பாருங்கள். கணினி ஓடுகிறது என்றால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்றால் செயலியின் பெயர், ரேமின் அளவு, எத்தனை ரேம் துளைகள் நிரம்பியுள்ளன என்பவை எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். ஐ3-3220 என்பதில் கோட்டுக்குப் பின் வரும் முதல் இலக்கம் தலைமுறையைக் குறிக்கிறது; எனவே அது மூன்றாம் தலைமுறை. இரண்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும் குடும்பத் தேவைக்குத் தாராளமாகப் போதும். கோர் 2 டியோ காலத்துக் கணினிகள் தட்டச்சுக்கும் பாட்டுக் கேட்பதற்கும் பயன்படும் என்றாலும், இன்றைய இணையதளங்களையும் யூடியூப் காணொளிகளையும் சுமக்கத் திணறும். யூடியூப் பெரும்பாலும் விபி9 என்னும் முறையில் சுருக்கிய காணொளியை அனுப்புகிறது. அதை விரிப்பதற்கான தனிச்சுற்று பழைய சில்லுகளில் இல்லாததால், முழுப் பாரமும் செயலியின் தலையில் விழுகிறது. மூன்றாம் தலைமுறை ஐ3 அதைச் சமாளித்துவிடும், கோர் 2 டியோ மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட கணினிக்குப் புதிய பாகங்கள் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையில் ஏற்கெனவே இருக்கும் பாகங்களைக் கொண்டு முடிந்தவரை பார்க்கலாம்.

எதையும் தொடுவதற்கு முன்

கணினி கொஞ்சமாவது ஓடுகிறது என்றால், திருப்புளியை எடுப்பதற்கு முன் அதிலுள்ள கோப்புகளை வெளியே எடுத்துவிட வேண்டும். திருமணப் படங்கள், சாதிச் சான்றிதழின் ஸ்கேன், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் போன்றவை பெரும்பாலும் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸ் கோப்புறையிலும்தான் சிதறிக் கிடக்கும். அவற்றை ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலோ பென் டிரைவிலோ படியெடுத்து, இன்னொரு கணினியில் திறந்தும் பார்த்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து ‘டக், டக்’ என்று சீரான ஓசை வந்தால் அது இறுதி நாள்களில் இருக்கிறது என்று பொருள். அப்போது முழு வட்டையும் படியெடுக்க முயலாமல், ஈடு செய்யவே முடியாத படங்களை முதலில் எடுங்கள். ஓசை எதுவும் இல்லாவிட்டாலும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளால் வட்டின் உடல்நிலையைச் சோதிக்கலாம். அதில் ரீஅலொகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார் என்ற இரண்டு வரிகளின் மூல மதிப்பும் பூச்சியமாக இருக்க வேண்டும். இரண்டாவது வரியில் எண் ஏறிக்கொண்டே போனால், அந்த வட்டை இனி எதற்கும் நம்பக் கூடாது.

திறப்பதும் துடைப்பதும்

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகு, முன்பக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்னூட்டத்தில் பெரும்பகுதி வடிந்துவிடும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்ட பின்னரே பாகங்களில் கை வையுங்கள். உடலில் சேரும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கண்ணுக்குத் தெரியாமல் பழுதாக்கக்கூடியது. உள்ளே எந்தக் கம்பி எங்கே செருகப்பட்டிருக்கிறது என்பதைக் கைபேசியில் நாலைந்து படங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தப் படங்கள்தான் வழிகாட்டும்.

தூசியை வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ப்ளோயரால் ஊதி அகற்ற வேண்டும். ஊதும்போது மின்விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது தறிகெட்டுச் சுழன்றால் அச்சு தேய்ந்துவிடும். பரணில் கிடந்த கணினி என்றால் கரப்பான் முட்டைகளும் பல்லி எச்சமும் இருக்கும். பல்லி எச்சம் ஈரம் பட்டால் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், காய்ந்த தூரிகையால் அதைத் தனியாகச் சுரண்டி எடுப்பது நல்லது. ஈரத்துணி வேண்டாம்.

கணினியின் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். அதனுள் உள்ள மின்தேக்கிகள் 300 வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தத்தை, கம்பியைப் பிடுங்கிய பின்னரும் சில நேரம் தேக்கி வைத்திருக்கும். அதன் சல்லடை வழியே வெளியிலிருந்து ஊதினால் போதுமானது. பழுது என்றால் பெட்டியையே மாற்றிவிட வேண்டியதுதான். மதர்போர்டில் செயலியைச் சுற்றி வரிசையாக நிற்கும் சிறு உருளைகளையும் உற்றுப் பாருங்கள். அவற்றின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ, பற்றவைக்கும் பழக்கம் உள்ளவர்கள் அவற்றை மாற்றலாம். பழக்கம் இல்லாதவர்கள் அந்தக் கணினிக்குச் செலவிடுவதை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

செயலியின் மேலுள்ள, அதன் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கைக் கழற்றிப் பார்த்தால், பத்தாண்டுக்கு முன் இரண்டுக்கும் இடையே பூசிய, வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புபோல் காய்ந்திருக்கும். இன்டெல் விசிறியின் நான்கு கால்களையும் அவற்றின் தலையிலுள்ள அம்புக்குறியின் திசையில் திருப்பி மேலே இழுத்தால் அது கழன்று வரும். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, செயலியின் நடுவில் ஒரு பட்டாணி அளவுக்குப் புதிய பசையை வையுங்கள். தடவிப் பரப்ப வேண்டியதில்லை, அழுத்தத்தில் தானே பரவும். திரும்பப் பூட்டும்போது கால்களைப் பழைய நிலைக்குத் திருப்பிவைத்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். நான்கு முறை ‘டக்’ என்று கேட்க வேண்டும். மூன்று முறைதான் கேட்டது என்றால் எங்கோ ஒரு கால் பதியவில்லை, கணினி சூடாகித் தானே அணைந்துவிடும்.

உயிரே இல்லாத கணினியைச் சோதிக்கும் முறை

பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், விலை குறைந்த காரணத்திலிருந்து தொடங்கி விலை கூடிய காரணத்தை நோக்கிப் போக வேண்டும். சுவர் பிளக்கிலும் மின்கம்பியிலும் மின்சாரம் வருகிறதா, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சிறு விசை போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு, முன்பக்கப் பொத்தானையே சந்தேகியுங்கள். மதர்போர்டின் ஓரத்தில் முன்பக்கக் கம்பிகள் வந்து சேரும் இடத்தில் ‘பவர்’ பொத்தானுக்கான இரண்டு முனைகளைத் திருப்புளியின் நுனியால் ஒரு நொடி தொட்டால் கணினி உயிர் பெறுமானால், பழுது அந்தச் சில ரூபாய்ப் பொத்தானில்தான்.

அதற்கும் அசையாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்க வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டிலிருந்து எல்லா இணைப்புகளையும் கழற்றி, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மட்டும் சுமைக்காக மாட்டிக்கொண்டு, 24 முனை இணைப்பானில் உள்ள ஒற்றைப் பச்சைக் கம்பியையும் ஏதேனும் ஒரு கறுப்புக் கம்பியையும் ஒரு குண்டூசிக் கம்பியால் இணைத்தபின் மின்சாரம் கொடுங்கள். விசிறி சுழன்றால் பெட்டிக்கு உயிர் இருக்கிறது. ஆனால் உயிர் இருப்பதும் உடல்நலத்தோடு இருப்பதும் ஒன்றல்ல என்பதால் மல்டிமீட்டரால் அளந்து பார்க்க வேண்டும்: மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம். அந்த எல்லையைத் தாண்டினால் புதிய எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள். நான் பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளை வாங்குவதில்லை. அதில் மிச்சப்படுத்தும் காசு மற்ற எல்லாப் பாகங்களின் உயிரையும் பணயம் வைக்கிறது.

விசிறி ஓடியும் திரையில் எதுவும் வராமல், நீண்ட ‘பீப்’ ஒலி திரும்பத் திரும்பக் கேட்டால் பெரும்பாலும் ரேம்தான் காரணம். அதைக் கழற்றி, தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைக் காய்ந்த துணியால் துடைத்து, இரு பக்கப் பூட்டும் விழும்வரை அழுத்திச் செருகுங்கள். தமிழ்நாட்டின் எந்தக் கணினிக் கடையிலும் முதலில் செய்யும் வைத்தியம் இதுதான். ஈரப்பதத்தில் முனைகளில் படியும் படலம் நீங்குவதால் இது பலிக்கிறது. இரண்டு ரேம்கள் இருந்தால் ஒவ்வொன்றாகவும் துளை மாற்றியும் போட்டுப் பாருங்கள்.

தேதி ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குத் திரும்பிப் போவது, அதனால் இணையதளங்கள் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று மறுப்பது போன்ற தொல்லைகளுக்கு மதர்போர்டில் உள்ள சிஆர்2032 நாணய மின்கலமே காரணம். இது 3 வோல்ட் மின்கலம், கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையிலேயே கிடைக்கும். மாற்றிய பின், கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயோஸில் நேரத்தைச் சரிசெய்ய மறக்காதீர்கள்.

எஸ்எஸ்டி: முதல் செலவு இதற்கே

எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்குக்கு மாற்றாக, தகவலைச் சில்லுகளில் சேமிக்கும் பாகம். கணினி மெதுவாக இருக்கும்போது டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற பத்தியைக் கவனியுங்கள். செயலி 20 விழுக்காட்டில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 விழுக்காட்டில் நின்றுகொண்டிருக்கும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றை முடிக்க சுமார் 8.3 மில்லி நொடி ஆகிறது. தேவையான தகவல் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், ஊசி சரியான தடத்துக்கு நகரவும் நேரம் வேண்டும். ஆக, ஒரு சிறு கோப்பைத் தேடி எடுக்கவே ஏறக்குறைய 13 மில்லி நொடி போய்விடுவதால், நொடிக்கு நூறு துண்டுகளைக்கூட அதனால் எடுத்துத் தர இயலாது. இயங்குதளம் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தேவைப்படுகின்றன. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லாததால் அதே துண்டு 0.1 மில்லி நொடியில் வந்துவிடுகிறது. செயலியை மாற்றினாலும் ரேமைக் கூட்டினாலும் தீராத தாமதம் இந்த ஒரு மாற்றத்தில் தீர்வதற்குக் காரணம் இதுதான்.

எச்61 மதர்போர்டில் நொடிக்கு 3 கிகாபிட் வேகமுள்ள இரண்டாம் தலைமுறை சாட்டா (வட்டுகளை மதர்போர்டுடன் சேர்க்கும் முறை) இணைப்பே உண்டு. ஆகவே 500 மெகாபைட் வேகம் என்று அட்டையில் அச்சிட்ட எஸ்எஸ்டி இதில் 270 மெகாபைட் அளவில்தான் ஓடும். அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம், நாம் பெறும் பயன் தேடும் நேரம் குறைவதில்தான் இருக்கிறது. குடும்பத் தேவைக்கு 240 அல்லது 256 ஜிபி கொள்ளளவே போதும். பழைய பெட்டிகளில் 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு இடம் இருக்காது. ஒரு தாங்கி வாங்கலாம், இல்லையென்றால் இருபக்கம் ஒட்டும் நாடாவால் பெட்டியின் உட்சுவரில் ஒட்டினாலும் குறையில்லை, அசையும் பாகம் எதுவும் அதில் கிடையாது.

எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா மின்முனை மிச்சம் இல்லை என்றால், பழைய நான்கு முனை மோலெக்ஸ் இணைப்பிலிருந்து மாற்றித் தரும் கம்பி வாங்க வேண்டிவரும். அதன் சாட்டா முனை ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக இருக்கும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு உருகித் தீப்பற்றியதாகப் பலமுறை பதிவாகியுள்ள வகை அது. கம்பிகள் தனித்தனியாகக் கவ்வப்பட்டு, பின்மூடியைத் திறந்து பார்க்கக்கூடியதாக இருப்பதே பாதுகாப்பானது. இறுதியாக, பயோஸில் சாட்டா முறை ஐடிஇ என்று இருந்தால், புதிய இயங்குதளத்தை நிறுவுவதற்கு முன்பே ஏஎச்சிஐ என்று மாற்றுங்கள். முன்னரே நிறுவிய விண்டோஸில் இதை மாற்றினால் அது தொடங்க மறுக்கக்கூடும்.

ரேம்

அடுத்த செலவு இதற்கு. 8 ஜிபி இருந்தால் உலாவியில் பத்துத் தாவல்களைத் திறந்துவைத்தும் நிம்மதியாக வேலை செய்யலாம். எச்61 போர்டு டிடிஆர்3 வகையை, இரண்டு துளைகளில் மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். டிடிஆர்4 அதில் நுழையவே நுழையாது, வெட்டு வேறிடத்தில் இருக்கும்; வலிந்து அழுத்தாதீர்கள். 8 ஜிபியை ஒரே துண்டாகப் போடுவதைவிட இரண்டு 4 ஜிபி துண்டுகளாகப் போட்டால் இரு தடங்களிலும் தகவல் ஓடும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் திரைக்கான நினைவகமும் ரேமிலிருந்தே எடுக்கப்படுவதால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

இங்கே நான் ஒருமுறை ஏமாந்தேன். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்த 8 ஜிபி டிடிஆர்3 துண்டை வாங்கிப் போட்டால் திரை இருண்டே கிடந்தது. விற்பனைப் பக்கத்தின் அடியில், அது ஏஎம்டி செயலிகளுக்கு மட்டுமே என்று சிறு எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். இன்னும் பழைய ஜி41 போர்டுகளிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. அவை 4 ஜிபி துண்டில் இருபுறமும் சேர்த்து 16 சில்லுகள் இருந்தால்தான் ஏற்கும், எட்டுச் சில்லுகள் கொண்ட புதியவற்றை ஏற்காது. எனவே உங்கள் போர்டின் பெயரைச் சொல்லி, பொருந்தாவிட்டால் திரும்பப் பெறும் கடையில், சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடத்தில், நேரில் வாங்குவதே என் விருப்பம். போட்ட பிறகு மெம்டெஸ்ட்86+ என்னும் இலவசச் சோதனையை ஓர் இரவு முழுதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

செயலி மாற்றத்தைப் பற்றி ஒரு சொல்: இதே போர்டில் நான்கு கருக்கள் (கோர்கள்) கொண்ட ஐ5-3470 பொருந்தும், பழைய சந்தையில் கிடைக்கும். பலகையில் இரண்டாம் தலைமுறைச் செயலி இருந்தால் முதலில் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். எஸ்எஸ்டியும் ரேமும் போட்ட பிறகும் குறை தெரிந்தால் மட்டும் இதை யோசியுங்கள், எங்களுக்குத் தேவைப்படவில்லை.

இயங்குதளம்

விண்டோஸ் 10க்கான பொதுப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 சில்லையும் இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் கேட்கிறது. குறுக்கு வழிகளில் நிறுவுவோர் இருக்கிறார்கள். ஆனால் வங்கிக் கணக்கைத் திறக்கும் குடும்பக் கணினியில், என்றைக்குப் புதுப்பிப்பு நிற்கும் என்று தெரியாத ஏற்பாட்டை நான் செய்ய மாட்டேன். கணக்கு எழுதும் டாலி போன்று விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் வீட்டில் யாருக்காவது கட்டாயம் தேவை என்றால், இந்தக் கணினியை அதற்கு நம்பாமல் வேறு வழி பார்ப்பதே நேர்மையான ஆலோசனை.

மற்றவர்களுக்கு லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளம் பொருத்தமானது. விண்டோஸ் பழகிய கண்ணுக்கு அதன் அமைப்பு அந்நியமாகத் தெரியாது. 22ஆம் வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் வரும். 4 ஜிபி ரேம் மட்டுமே உள்ள கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ பதிப்பையும், 8 ஜிபி உள்ளதற்குச் சின்னமன் பதிப்பையும் தேர்ந்தெடுங்கள். வேறொரு கணினியில் கோப்பைப் பதிவிறக்கி, பலேனா எட்சர் அல்லது ரூஃபஸ் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். அதிலிருந்து தொடங்கினால், நிறுவாமலேயே முழு இயங்குதளமும் திரையில் வரும். ஒலி, திரையின் அளவு, பிரிண்டர், இணையம் எல்லாம் ஓடுகின்றனவா என்று அங்கேயே சோதித்துக்கொள்ளலாம். வைஃபை வசதி இல்லாத பழைய கணினியில், கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்தால் பெரும்பாலும் உடனே வேலை செய்யும்.

நிறுவும் பொத்தானை அழுத்துவதற்கு முன், பழைய ஹார்ட் டிஸ்கின் கம்பியைக் கழற்றிவிடுங்கள். வட்டு ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், தவறான வட்டை அழிக்கும் வாய்ப்பே எழாது. எஸ்எஸ்டியில் நிறுவல் முடிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

வீட்டாருக்கு ஏற்றபடி அமைத்தல்

ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு தொடங்குங்கள். நிர்வாகக் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ் உள்ளீட்டு முறையையும் எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். ஒலிபெயர்ப்பு முறையை விரும்புவோருக்கும் அதிலேயே வழி உண்டு. பெரியவர்களின் கணக்கில் எழுத்தின் அளவைக் கூட்டி, அவர்களுக்குத் தேவையான நான்கு இணையதளங்களை மட்டும் உலாவியின் முகப்பில் வையுங்கள். என் அம்மாவுக்கு அமைத்துக் கொடுத்தபோது திரையில் இருந்த மற்ற எல்லாக் குறிகளையும் நீக்கினேன், அதன் பிறகே அவர் தயக்கமின்றி அதன்முன் உட்கார்ந்தார்.

பழைய ஹார்ட் டிஸ்க் நலமாக இருந்தால் அதை மீண்டும் இணைத்து, டைம்ஷிஃப்ட் கருவி எடுக்கும் அமைப்புப் படிகளுக்கும் குடும்பப் படங்களின் இரண்டாம் பிரதிக்கும் பயன்படுத்துங்கள். டைம்ஷிஃப்ட் அமைப்பை மட்டுமே காக்கும், சொந்தக் கோப்புகளை இயல்பாகச் சேர்க்காது என்பதால் இரண்டையும் தனித்தனியாகவே செய்ய வேண்டும். வட்டு நலமாக இல்லை என்றால் அதைக் காயலான் கடையில் போடாமல், உள்ளிருக்கும் தகவலை முழுதும் அழித்து, மின்கழிவு சேகரிக்கும் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

அடிக்கடி மின்வெட்டும் ஏற்ற இறக்கமும் உள்ள ஊர் என்றால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று அவசியம். வீட்டில் பழையது கிடந்தால் உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மின்கலத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். எல்லாம் முடிந்து பெட்டியை மூடும்போது, தெர்மல் பேஸ்ட் பூசிய தேதி, நாணய மின்கலம் மாற்றிய தேதி, ரேமின் வகை, எஸ்எஸ்டியின் வரிசை எண் ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதிப் பக்கத் தகட்டின் உட்புறத்தில் ஒட்டிவிட்டுத் திருகாணிகளை முடுக்குங்கள்.